சராசரி உயரும் ஊர்

ஆலங்குன்றம் மாவட்டத்துக்குக் குடிபோகலாம் என்று போனில் பள்ளித்திசை செயலி சொன்னபோது, அது தன் மகளை வேறு யாரோடோ குழப்பிக்கொண்டுவிட்டது என்றுதான் தமயந்தி நினைத்தாள்.

அவர்கள் இருந்தது மேல்கரையில். பள்ளிக்கூடங்களின் தரத்தில் மாநிலத்திலேயே முதல் மாவட்டம். அங்கே ஒரு வீடு கிடைக்காதா என்று எத்தனையோ குடும்பங்கள் ஏங்கிக்கொண்டிருந்தன. அப்படிப்பட்ட ஊரை விட்டுவிட்டு, மலையடிவாரத்தில் காற்றாலைகள் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும் ஆலங்குன்றத்துக்கு எதற்காகப் போகவேண்டும்?

"இது பொதுவாப் போட்ட கணக்கு இல்ல தமயந்தி. நம்ம நறுமுகைக்காகவே போட்டது" என்றான் அவள் கணவன் சேந்தன். போனை அவள் பக்கம் திருப்பிக் காட்டினான். படத்தில் மேல்கரை சிவப்பாக இருந்தது. ஆலங்குன்றம் நல்ல பச்சை.

அரசாங்கம் எல்லா மாவட்டங்களின் பள்ளி விவரங்களையும் பொதுவில் வைத்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. மதிப்பெண், வருகை, ஆசிரியர் எண்ணிக்கை, பாதியில் நின்றவர்கள் எல்லாம் அதில் இருந்தன. ஆரம்பத்தில் மக்கள் அந்த அட்டவணைகளைத் தாங்களே படித்துப் பார்த்து வீடு தேடினார்கள். பிறகு பள்ளித்திசை வந்தது. பிள்ளையின் பதிவு எண்ணைக் கொடுத்தால் போதும். அதுவரை அந்தப் பிள்ளை எழுதிய எல்லாத் தேர்வுகளையும் எடுத்துவைத்துக்கொண்டு, எந்த மாவட்டம் பொருந்தும், எது பொருந்தாது என்று நிறம் போட்டுக் காட்டிவிடும். அட்டவணையைத் திறந்து பார்க்கிற வழக்கமே நின்றுபோனது. வீட்டுத் தரகர்கள்கூட, "உங்க பிள்ளைக்கு இந்த ஊர் பச்சையா, மஞ்சளா?" என்று கேட்டுவிட்டுத்தான் சாவியை எடுத்தார்கள்.

"ஆறு வருஷமா ஆலங்குன்றம் ஏறிக்கிட்டே இருக்கு. மேல்கரையில நம்ம பொண்ணு கூட்டத்துல ஒருத்தி. அங்க போனா முன்னால நிப்பா. அதைத்தான் இது சொல்லுது" என்றான் சேந்தன்.

அவன் காற்றாலைப் பராமரிப்பில் பொறியாளர். அந்தப் பக்கம் மாற்றல் கேட்டால் உடனே கிடைக்கும். தமயந்தி இயன்முறை மருத்துவர். மேல்கரையின் பெரிய மருத்துவமனை ஒன்றில் அவளுக்கென்று ஓர் அறை, அவளைத் தேடி வரும் நோயாளிகள் என்று எல்லாம் அமைந்திருந்தது. அதை விடுவதற்கு மனம் வரவில்லை. ஆனால் மகளுக்குச் சிவப்பு காட்டுகிற ஊரில் தன் வேலைக்காக உட்கார்ந்திருந்தாள் என்று நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் அதைத் தாங்க முடியாது. சரி என்றாள்.

ஆலங்குன்றம் அரசுப் பள்ளியைப் பார்த்த அன்றே அவளுக்குள் ஏதோ உறுத்தியது.

ஏறிக்கொண்டே இருக்கும் மாவட்டத்தின் பள்ளிக்கூடம் மாதிரி அது இல்லை. அறிவியல் ஆய்வுக்கூடத்தின் பூட்டு துருப்பிடித்திருந்தது. ஆங்கிலத்துக்கு ஆசிரியரே இல்லை. கணக்கு ஆசிரியர் காசிராசன் இரண்டு வகுப்புகளை ஒரே அறையில் உட்காரவைத்து, பாதிப் பலகையில் ஒரு வகுப்புக்கும் மீதிப் பலகையில் இன்னொரு வகுப்புக்கும் நடத்திக்கொண்டிருந்தார். நன்றாகத்தான் நடத்தினார். ஆனால் ஆறு வருடமாக ஒரு மாவட்டமே முன்னேறுவதற்கு அது போதுமா?

பெற்றோர் கூட்டத்தில் அவள் எழுந்து கேட்டாள். "இவ்வளவு குறை இருந்தும் மார்க் எப்படி சார் கூடிக்கிட்டே வருது?"

"பிள்ளைங்க நல்லாப் படிக்குதுங்கம்மா" என்றார் காசிராசன். சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தார். வாசலில் யாரும் இல்லை.

வீட்டுக்கு வந்து சேந்தனிடம் சொன்னாள். "அந்த ஆளு எதையோ மறைக்கிறாரு. மார்க்கைத் திருத்துறாங்களோ?"

"எல்லாத் தேர்வும் வெளியிலதான் திருத்துறாங்க. இங்க யாரும் கை வைக்க முடியாது. உனக்கு அந்த ஆஸ்பத்திரி ஞாபகமாவே இருக்கு. அதான் இந்த ஊர்ல எல்லாம் தப்பாத் தெரியுது" என்றான் அவன். அதில் கொஞ்சம் உண்மை இருந்தது.

தாலுகா மருத்துவமனையில் அவளுக்கு வேலை கிடைத்தது. ரஹ்மத் நிஷாவை அங்கேதான் சந்தித்தாள். தோள்வலி என்று வந்திருந்தாள். கையை மேலே தூக்கவே முடியவில்லை.

"என்ன வேலை பாக்குறீங்க? ரொம்ப கனமாத் தூக்குவீங்களா?"

"பெட்டிதான்க்கா. வீட்டு சாமானெல்லாம் கட்டுறேன். இந்த ஊர் எங்களுக்கு மூணாவது. இப்ப மறுபடியும் மாறச் சொல்லுது."

நிஷாவின் மகள் சுமையா நறுமுகையின் வகுப்பில்தான் படித்தாள். ஆனால் நறுமுகை அவளைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. அதைச் சொன்னபோது நிஷா சிரிக்க முயன்றாள். "அவ யார்கிட்டயும் பேசமாட்டாக்கா. மொத ஊர்ல இருந்து கிளம்புனப்ப அழுதா. ரெண்டாவது ஊர்ல அழல. இங்க வந்து யாரோட பேரையும் கேட்டுக்கிறதே இல்ல. எதுக்கும்மா, போகத்தானே போறோம்ங்கிறா."

"இப்ப எங்க போகச் சொல்லுது?"

"செம்பறை."

தமயந்தியின் கை நின்றது. செம்பறை மாநிலத்திலேயே கடைசி வரிசையில் இருக்கும் மாவட்டம்.

"உங்க போனைக் கொஞ்சம் காட்டுங்க."

இரண்டு போன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். தமயந்தியின் போனில் ஆலங்குன்றம் பச்சையாக இருந்தது. நிஷாவின் போனில் அதே ஆலங்குன்றம் சிவப்பு. ஒரே பள்ளி, ஒரே வகுப்பு, ஒரே கணக்கு ஆசிரியர்.

"பிள்ளைக்குப் பிள்ளை மாறும்தானேக்கா" என்றாள் நிஷா.

"மாறும்" என்றாள் தமயந்தி. ஆனால் நறுமுகைக்குச் சிவப்பு காட்டியது மேல்கரை என்பதை நினைத்துக்கொண்டாள். நிஷாவின் குடும்பம் முதலில் இருந்ததும் தரத்தில் மேல்கரைக்கு அடுத்த இடத்தில் இருக்கும் மாவட்டம்தான்.

அதற்குப் பிறகு, வருகிற நோயாளிகளை அவள் விசாரிக்க ஆரம்பித்தாள். முட்டியை மடக்கிவிட்டுக்கொண்டே, நீங்கள் உள்ளூரா, வந்து குடியேறியவரா, எங்கிருந்து வந்தீர்கள் என்று பேச்சுக் கொடுப்பாள். வந்தவர்கள் எல்லோரும் ஆலங்குன்றத்தைவிடத் தரத்தில் மேலான மாவட்டங்களிலிருந்து வந்திருந்தார்கள். ஊரை விட்டுப் போனவர்கள் எல்லோரும் ஆலங்குன்றத்தைவிடக் கீழான மாவட்டங்களுக்குப் போயிருந்தார்கள். கீழே இருந்து மேலே போகச் சொல்லி ஒரு குடும்பத்துக்காவது பச்சை வந்ததா என்று தேடினாள். ஒன்றுகூட இல்லை.

எல்லோரையும் ஒரே பக்கமாக இறக்கிவிடுகிற ஒன்று எப்படி எல்லோருக்கும் நல்லதாக இருக்க முடியும்?

மறுநாள் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் காசிராசனைப் பிடித்துக்கொண்டாள். தான் விசாரித்ததை எல்லாம் சொன்னாள். அவர் முகம் மாறியது. வழக்கம்போல நழுவப் பார்ப்பார் என்று நினைத்தாள். ஆனால் அவர் மைதானத்தைக் காட்டி, "வாங்கம்மா" என்றார்.

விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளில் சிலரைக் கூப்பிட்டு, உயரமானவர்களை ஒரு வரிசையாகவும் குட்டையானவர்களை எதிரே இன்னொரு வரிசையாகவும் நிறுத்தினார். உயரமானவர்கள் வரிசையில் எல்லோரையும்விடச் சற்றுக் குள்ளமாக நின்றது நறுமுகை. அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து எதிர் வரிசையில் நிறுத்தினார்.

"இப்பம் நெட்டை வரிசையோட சராசரி உயரம் கூடிட்டா, குறைஞ்சிட்டா?" என்று பிள்ளைகளைக் கேட்டார்.

"கூடிட்டு சார்."

"குட்டை வரிசையோட சராசரி?"

பிள்ளைகள் யோசித்தார்கள். அந்த வரிசையில் நறுமுகைதான் இப்போது எல்லோரையும்விட உயரம். "அதுவும் கூடிட்டு சார்."

"உங்கள்ல யாராவது வளந்தீங்களா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் அவர்களைப் போகச் சொல்லிவிட்டுத் தமயந்தியின் பக்கம் திரும்பினார்.

தமயந்திக்குச் சிரிப்பு வரவில்லை. வேறு வரிசையில் நின்றிருந்த தன் மகள் பழைய இடத்துக்கு ஓடுவதா, அங்கேயே நிற்பதா என்று தெரியாமல் விழித்ததை அவள் பார்த்துவிட்டிருந்தாள்.

"இதுதான்மா விஷயம்" என்றார் காசிராசன். "எந்த நம்பரும் பொய் இல்ல. பள்ளித்திசையை ஆரம்பிச்சப்போ அதுக்குக் குடுத்த உத்தரவு ஒண்ணே ஒண்ணுதான். ஒவ்வொரு மாவட்டத்தோட சராசரியும் வருசா வருசம் கூடணும். எப்படின்னு யாரும் சொல்லல. அதால பாடம் நடத்த முடியுமா, கட்டடம் கட்ட முடியுமா? அதுக்குத் தெரிஞ்சது ஆளுங்களுக்குப் பச்சை காட்டுறதும் சிவப்பு காட்டுறதும்தான். மேல்கரையில உங்க பொண்ணு சராசரிக்குக் கொஞ்சம் கீழ. இங்க சராசரிக்கு மேல. அவ அங்க இருந்து இங்க வந்தா ரெண்டு மாவட்டமும் ஏறுது. சுமையா இங்க கீழ, செம்பறையில மேல. அதான் போகச் சொல்லுது."

"அப்போ பிள்ளைக்கு எது நல்லதுன்னு அது பாக்கவே இல்லையா?"

"பிள்ளையையே அது பாக்கலம்மா."

"இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு பயிற்சிக்குப் போயிருந்தேன். பள்ளித்திசையில வேலை பாத்தவர் ஒருத்தர் வந்திருந்தாரு. கேட்டேன். எந்த மாவட்டம் குறைஞ்சிருக்குன்னு ஒண்ணு காட்டுங்க சார், நாங்க நிறுத்திருதோம்னாரு. ஒண்ணுகூட குறையலையே, எதைக் காட்ட?"

தமயந்தி கேட்டாள். "கடைசி மாவட்டத்துல கடைசியா இருக்கிற பிள்ளை?"

"அதுக்குப் பச்சை காட்ட ஊரே கிடையாதும்மா. அது படிப்பை விட்டு நின்னுட்டா, அதுவும் சராசரிக்கு நல்லதுதான்."

இதை ஏன் கூட்டத்தில் சொல்லவில்லை என்று அவள் கேட்டாள். உத்தியோகம் இருக்கிறது, குடும்பம் இருக்கிறது என்றார். அதில் அவள் குறைகாண முடியவில்லை. ஆனால் இன்னொரு சந்தேகம் உடனே முளைத்தது. நறுமுகை சராசரிக்கு மேலே இருக்கிறவள். அவள் இங்கேயே இருந்தால் இவர் பள்ளிக்குத்தானே லாபம்? அதற்காக இதையெல்லாம் சொல்கிறாரோ? கேட்கவில்லை. கேட்டாலும் அவர் சொல்லும் பதிலை நம்பியிருக்க மாட்டாள்.

சேந்தன் முழுவதையும் கேட்டான். வெகுநேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, உண்மைன்னே வச்சுக்குவோம். இதை நம்பாம வேற எதை நம்பி ஊரைப் பாக்கிறது?" என்றான்.

"போய்ப் பாக்கணும். வகுப்புல உக்காந்து பாக்கணும். நாலு பேர்கிட்ட கேக்கணும்."

"எல்லா ஊருக்கும் போயா?"

எல்லா ஊருக்கும் போக அவளால் முடியாது. ஆனால் ஒரு காரியத்தைச் செய்தாள். சிவப்பு வந்திருந்த குடும்பங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளி மைதானத்துக்கு வரச் சொன்னாள். காசிராசன் வரமாட்டார் என்று நினைத்திருந்தாள். வந்தார். பெரியவர்களையே இரண்டு வரிசையாக நிறுத்தி, இடம் மாற்றிக் காட்டினார். யாராவது வளர்ந்தீர்களா என்று கேட்டபோது பிள்ளைகள் சிரித்தமாதிரி யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் தலையில் கைவைத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவர் நான்கு ஊர் மாறியவர்.

இனி யாரும் நகர்வதில்லை என்று பேசி முடித்தார்கள். ஆங்கில ஆசிரியரைக் கேட்டு மனு கொடுப்பது, ஆய்வுக்கூடத்தைத் திறக்கச் சொல்வது, பிள்ளைகளுக்குச் சாயங்காலத்தில் தாங்களே முறைவைத்துச் சொல்லிக்கொடுப்பது என்றெல்லாம் திட்டம் போட்டார்கள். நிஷா கட்டிய பெட்டிகளை அவிழ்த்தாள். பள்ளித்திசை மட்டும் விடவில்லை. 'உங்கள் குழந்தையின் வாய்ப்பு குறைந்துகொண்டே வருகிறது' என்று அந்த வீடுகளின் போன்களில் செய்தி வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்று வரும்போதும் நிஷா தமயந்தியைக் கூப்பிட்டு, "ஒண்ணும் ஆகாதுல்லக்கா?" என்று கேட்பாள். ஆகாது என்று இவள் சொல்வாள். சொல்லிவிட்டு, தனக்கு என்ன தெரியும் என்று தன்னையே கேட்டுக்கொள்வாள்.

ஆய்வுக்கூடம் திறந்தது. ஆங்கிலத்துக்கு ஒருவர் வந்தார். கோடை விடுமுறையும் வந்தது.

அந்த விடுமுறையில் ஒரு காலை, தமயந்தி வேலைக்குப் போகும் வழியில் காசிராசன் வீட்டு முன்னால் மினி லாரி நிற்பதைப் பார்த்தாள். கட்டில், பீரோ எல்லாம் ஏறிவிட்டிருந்தன. அவர் மனைவி குனிந்த தலை நிமிராமல் பாத்திர மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவர்களுடைய ஒரே மகன் முத்தரசு, ஏழாம் வகுப்பு, டிரைவர் பக்கத்தில் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தான்.

"மாற்றல் வந்திருக்கா சார்?"

"கேட்டு வாங்கினேன்" என்றார் காசிராசன். அவள் கண்ணைப் பார்க்காமல் கயிற்றை இறுக்கினார். "செம்பறை."

அவள் டிரைவர் பக்கத்தில் இருந்த முத்தரசுவைப் பார்த்தாள். "தம்பிக்குச் சிவப்பா?"

"போன வருசமே."

"உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே சார். நீங்கதானே எங்களுக்கே சொன்னீங்க."

"தெரியும்" என்றார். கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "அடுத்தவங்க பிள்ளைன்னா கணக்கு தெளிவாத் தெரியுதும்மா. சொந்தப் பிள்ளை படிக்க முடியாம உக்காந்திருக்கும்போது, ஒருவேளை அது சொன்னது சரியா இருந்துட்டா என்ன செய்யன்னுதான் தோணுது. ஒரு வருசமா தூக்கம் இல்ல. தப்புன்னு தெரிஞ்சுதான் போறேன்." பிறகு லாரியின் முன்பக்கத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அவன் மார்க்கு விசயம் ஊர்ல யாருக்கும் தெரியாது. கணக்கு வாத்தியார் மகன் கணக்குல கடைசின்னு தெரிஞ்சா அவன் தாங்கமாட்டான். சொல்லிராதீங்க."

சொல்லமாட்டேன் என்றாள். லாரி கிளம்பியது.

மத்தியானத்துக்குள் ஊர் முழுவதும் செய்தி பரவிவிட்டது. மாலையில் அவள் நிஷா வீட்டுக்குப் போனபோது கூடத்தின் நடுவே பெட்டிகள் திறந்து கிடந்தன. நிஷா துணிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"விஷயம் தெரிஞ்ச மனுஷனே போயிட்டாரு" என்றாள் நிஷா. "அவருக்கு மட்டும் தெரிஞ்சது ஏதோ இருக்கு. இல்லாம போவாரா?"

"அப்படி ஒண்ணும் இல்ல நிஷா."

"அப்ப எதுக்குப் போனாரு? உங்ககிட்ட காலையில பேசிக்கிட்டு நின்னதைப் பாத்தவங்க இருக்காங்க."

தமயந்தி வாயைத் திறந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், நிஷா இந்தத் துணிகளை மறுபடியும் அலமாரியில் வைத்துவிடுவாள். ஆனால் அந்த வார்த்தை ஒரு பிள்ளையைப் பற்றியது. "அவங்க வீட்டுல ஏதோ சொந்தக் காரணம்" என்றாள்.

நிஷா மடிப்பதை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை மாதத்தில் அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை.

"உங்க பொண்ணுக்கு இந்த ஊர் பச்சைதானேக்கா?"

"ஆமா."

"நாங்க கீழ இருந்தாத்தானே உங்க பொண்ணு மேல தெரிவா? அதுக்குத்தான் எங்களைப் போகவேண்டாம்னு சொன்னீங்களா?"

பக்கத்து அறையில் சுமையா எதையோ படித்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. தமயந்திக்குக் கோபம் வரவில்லை. இதே சந்தேகத்தைக் காசிராசன் மேல் அவளும் பட்டிருந்தாள். அன்று அவர் என்ன சத்தியம் செய்திருந்தாலும் அவள் நம்பியிருக்க மாட்டாள் என்பதும் தெரிந்தது.

அவள் நிஷாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"நீ எந்த ஊருக்குப் போறியோ அங்க நானும் வரேன். நறுமுகையையும் கூட்டிக்கிட்டு வரேன். செம்பறைன்னா செம்பறை. என் போன்ல அது சிவப்பு. சுமையா படிக்கிற பள்ளிக்கூடத்துலயே அவளும் படிக்கட்டும். அப்போ நம்புவியா?"

நிஷா தமயந்தியின் முகத்தில் எங்கேயாவது பொய் தெரிகிறதா என்று தேடுகிறவள்போலப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அண்ணன்கிட்ட கேட்டீங்களா?"

"இல்ல. இப்போதான் எனக்கே தோணுச்சு."

"அவர் ஒத்துக்கமாட்டாரு."

"மாட்டான்னுதான் நினைக்கிறேன். கேக்கணும்."

நிஷா கையிலிருந்த துணியைப் பெட்டிக்குள்ளும் வைக்கவில்லை, அலமாரியிலும் வைக்கவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டாள். "கேட்டுட்டு வாங்க. அதுவரைக்கும் நான் இதைக் கட்டல."

தமயந்தி எழுந்து வெளியே வந்தாள். தெரு முனையில் அவள் வீடு. வாசலில் சேந்தன் நறுமுகைக்குச் சைக்கிள் பழக்கிக்கொண்டிருந்தான். சைக்கிளின் பின்பக்கத்தைப் பிடித்திருந்தவன் இவளைப் பார்த்ததும் ஒரு கையை எடுத்து ஆட்டினான். அவனிடம் முதல் வார்த்தையாக என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே அவள் நடந்தாள்.